கார்டால் முடியாதா, கார்டை விடவில்லையா?

போன மாதம் அக்கா மகன் ஒரு கம்ப்யூட்டர் கடையில் நின்றபடி எனக்கு போன் செய்தான். "மாமா, ஏஎம்டி கிராபிக்ஸ் கார்டு விலை கம்மியா இருக்கு, மெமரியும் ஜாஸ்தி. ஆனா ஏஐ வேலையெல்லாம் இதுல ஓடாதுங்கறார் கடைக்காரர். நிஜமாவா?"

ஆமாம், இல்லை என்று ஒரே சொல்லில் பதில் சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். முடியவில்லை. 'ஓடாது' என்ற அந்தச் சொல்லுக்குள் நாலு வேறு வேறு சங்கதிகள் இருக்கின்றன. கார்டுக்கு அந்தத் திறமையே இல்லை என்பது ஒன்று. யாரும் இன்னும் எழுதியோ சோதித்தோ பார்க்கவில்லை என்பது இன்னொன்று. ஓடும், ஆனால் ஓட விடாமல் நிறுத்தியிருக்கிறார்கள் என்பது மூன்றாவது. ஓட வைக்கலாம், ஆனால் ஒப்பந்தத்தில் கூடாது என்று எழுதியிருக்கிறது என்பது நாலாவது. கடையிலும் யூடியூபிலும் நண்பர்கள் பேச்சிலும் இந்த நாலையும் ஒரே சொல்லில் கட்டிவிடுகிறார்கள். கேட்பவருக்கு அது மழை வெயில் போல இயற்கையாக அமைந்த விஷயமாகத் தெரிகிறது. பல நேரம் அது ஒரு நிறுவனம் உட்கார்ந்து எடுத்த முடிவு. இந்த வித்தியாசம் முக்கியம் என்று நினைக்கிறேன். பணம் கொடுத்து வாங்குவது நாம்தானே.

இதைப் புரிந்துகொள்ள இன்ஜினியரிங் படித்திருக்க வேண்டியதில்லை. ஓட்டலில் சாப்பிட்ட அனுபவம் போதும்.

மெனு, சப்ளையர், சமையலறை

ஓட்டலுக்குப் போகிறீர்கள். மெனுவைப் பார்த்து "ஒரு நெய் ரோஸ்ட்" என்கிறீர்கள். சப்ளையர் உள்ளே போய் அந்தச் சமையலறைக்குப் புரிகிற மாதிரி சொல்கிறார். உள்ளே கல் எப்படி இருக்கிறது, எத்தனை மாஸ்டர்கள் நிற்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை.

கம்ப்யூட்டரில் அந்தச் சமையலறைதான் கிராபிக்ஸ் கார்டு. ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கணக்குகளை ஒரே நேரத்தில் போடுவதற்கென்றே செய்த சிப் அதில் இருக்கிறது. திரையில் தெரியும் ஒவ்வொரு புள்ளிக்கும் என்ன நிறம் என்பது ஒரு கணக்கு. ஏஐ மாடல் செய்வதும் பெரும்பாலும் அதே மாதிரியான பெருக்கலும் கூட்டலும்தான். அதனால்தான் கேம் விளையாட வாங்கிய கார்டு ஏஐக்கும் உதவுகிறது.

சப்ளையரின் வேலையைச் செய்வது டிரைவர். கார்டு தயாரித்த நிறுவனமே எழுதித் தரும் மென்பொருள் அது. பொதுவான கட்டளையை அந்தக் குறிப்பிட்ட கார்டுக்குப் புரியும் கட்டளையாக மாற்றுவதுதான் அதன் வேலை.

மெனு என்பது ஏபிஐ. எந்தெந்தப் பெயரில் என்னென்ன கேட்கலாம் என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்ட பட்டியல். கேம் எழுதுபவர் இந்தப் பட்டியலில் உள்ள பெயர்களை மட்டும் பயன்படுத்தி எழுதுகிறார். மைக்ரோசாஃப்ட்டின் டைரக்ட்எக்ஸ் அப்படி ஒரு பட்டியல். பல நிறுவனங்கள் சேர்ந்த க்ரோனோஸ் என்ற அமைப்பு வெளியிட்ட வல்கன் இன்னொன்று. இந்த இரண்டு மெனுவையும் கார்டு தயாரிக்கும் என்விடியா, ஏஎம்டி, இன்டெல் என்ற மூன்று நிறுவனங்களின் சமையலறைகளும் ஏற்றுக்கொள்கின்றன. கேம் எழுதுபவர் ஒரு முறை எழுதினால் போதும், மூன்றிலும் ஓடும்.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: மென்பொருள் ஏபிஐயிடம் கேட்கிறது, டிரைவர் மொழிமாற்றுகிறது, கார்டு செய்கிறது. ஒரு கார்டில் ஏதோ 'ஓடவில்லை' என்றால் இந்த வழியில் எங்கோ ஓரிடத்தில் தடை இருக்கிறது. அது எந்த இடம், யார் வைத்த தடை என்பதுதான் கேள்வி.

கார்டின் பெயர்ச்சீட்டு

ஒவ்வொரு கார்டுக்குள்ளும் தயாரித்தவர் யார் என்று சொல்லும் ஒரு எண் பதிந்திருக்கிறது. வெண்டார் ஐடி என்பார்கள். உங்கள் விண்டோஸ் கம்ப்யூட்டரிலேயே இதைப் பார்க்கலாம். டிவைஸ் மேனேஜரைத் திறந்து, டிஸ்ப்ளே அடாப்டர்ஸ் என்பதன் கீழே உள்ள கார்டின் பெயரில் ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸ், அப்புறம் டீட்டெய்ல்ஸ், அதில் ஹார்ட்வேர் ஐடிஸ் என்று போங்கள். 'விஇஎன்' என்ற எழுத்துகளை அடுத்து நாலு இலக்கம் தெரியும். ஏஎம்டி என்றால் 1002. என்விடியா என்றால் 10டிஇ. இன்டெல் 8086, அது 1978இல் வந்து அந்த நிறுவனத்தைத் தூக்கி நிறுத்திய சிப்பின் பெயர்.

எந்த மென்பொருளும் இந்த எண்ணைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். அதில் தப்பும் இல்லை. ஒரு நிறுவனத்தின் டிரைவரில் குறிப்பிட்ட கோளாறு இருக்கிறது என்று தெரிந்தால், அந்த எண்ணைப் பார்த்து கேம் வேறு வழியில் போகும். சில சமயம் நல்ல நோக்கத்தில் வைத்த இந்தச் சோதனையே வினையாகிவிடும். 2023இல் ஹாக்வார்ட்ஸ் லெகஸி கேம், விண்டோஸ் போன்ற இன்னொரு இயங்குதளமான லினக்ஸில், இன்டெல் கார்டைக் கண்டதும் இன்டெல்லுக்கென்று உள்ள ஒரு சிறப்பு வசதியைத் தொடங்கப் பார்த்து விழுந்துகொண்டிருந்தது. லினக்ஸ் டிரைவர் எழுதுபவர்கள் என்ன செய்தார்கள்? அந்த ஒரு கேம் கேட்டால் மட்டும் 'நான் இன்டெல் இல்லை' என்று டிரைவர் சொல்லும்படி மாற்றினார்கள். கேம் ஓடியது.

ஆனால் இதே எண்ணை வைத்து வாசலிலேயே ஆளைத் திருப்பி அனுப்பவும் முடியும். 2009இல் பேட்மேன்: ஆர்க்கம் அசைலம் என்ற கேம் வந்தது. பொருள்களின் ஓரத்தில் தெரியும் படிக்கட்டு மாதிரியான பிசிறை மழுங்க வைக்கும் வசதி, ஆன்டி அலையாசிங் என்பார்கள், அந்த கேமின் செட்டிங்ஸில் என்விடியா கார்டு இருந்தால் மட்டும்தான் வந்தது. ஏஎம்டிக்காரர்கள் தங்கள் கார்டின் அடையாள எண்ணை மாற்றி வைத்துப் பார்த்தோம், அந்த வசதி தங்கள் கார்டிலும் வேலை செய்தது என்றார்கள். அந்த வசதியை கேம் நிறுவனத்தோடு சேர்ந்து நாங்கள் உழைத்துக் கொண்டுவந்தோம், எங்கள் கார்டில்தான் சோதித்தோம் என்றது என்விடியா. இரண்டு பேச்சிலும் உண்மை இருக்கலாம். ஆனால் ஏஎம்டி கார்டு வைத்திருந்த ஒரு பையனுக்கு அன்று திரையில் தெரிந்தது, 'இந்த கார்டில் இது இல்லை' என்பது மட்டும்தான்.

பக்கத்தில் மிக்ஸி இருந்தால் ஓடாத கிரைண்டர்

இப்போது சொல்லப்போவதுதான் இந்த விஷயத்திலேயே எனக்கு மிகவும் உறுத்தும் கதை. கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

வீட்டில் ஒரு கம்பெனி கிரைண்டர் இருக்கிறது. நன்றாக மாவு அரைக்கிறது. பக்கத்தில் வேறு கம்பெனி மிக்ஸி ஒன்றை வாங்கி வைக்கிறீர்கள். மறுநாள் கிரைண்டர் ஸ்விட்சைப் போட்டால் ஓடவில்லை. மிக்ஸியைத் தூக்கி அடுத்த அறையில் வைத்தால் ஓடுகிறது. கிரைண்டரில் பழுது இல்லை, மிக்ஸியிலும் பழுது இல்லை. போட்டிக்காரன் சாமான் வீட்டில் இருக்கிறது என்று கிரைண்டர் கண்டுபிடித்துவிட்டது, அவ்வளவுதான்.

இதே மாதிரி நிஜமாகவே நடந்தது. ஏஜியா என்று ஒரு சின்ன நிறுவனம் இருந்தது. கேமில் புகை சுருள்வது, துணி காற்றில் அசைவது, சுவர் உடைந்து சில்லுகள் சிதறுவது இவற்றை அசலாகக் கணக்கிட பிஸ்எக்ஸ் என்ற மென்பொருளை வைத்திருந்தார்கள். அந்தக் கணக்குக்கு மட்டும் என்று தனி கார்டு ஒன்றையும் 2006இல் விற்றார்கள். 2008 பிப்ரவரியில் என்விடியா ஏஜியாவை வாங்கியது. பிறகு பிஸ்எக்ஸ் என்விடியாவின் சாதாரண கிராபிக்ஸ் கார்டுகளிலேயே ஓட ஆரம்பித்தது. தனி கார்டு தேவைப்படவில்லை.

கம்ப்யூட்டர் கட்டுபவர்கள் உடனே ஒரு நல்ல வழி கண்டுபிடித்தார்கள். படம் காட்ட ஏஎம்டியின் புது கார்டு. பக்கத்து ஸ்லாட்டில் பழைய என்விடியா கார்டு, பிஸ்எக்ஸ் கணக்குக்கு மட்டும். பழைய கார்டு குப்பைக்குப் போகாமல் உபயோகப்பட்டது. நம் ஊரில் புது டிவி வந்ததும் பழைய டிவி மாடி அறைக்குப் போகுமே, அப்படி.

2009இல் என்விடியா வெளியிட்ட 186 என்ற டிரைவர் வரிசையோடு இது நின்றது. கம்ப்யூட்டரில் வேறு நிறுவனத்தின் கிராபிக்ஸ் கார்டு இருப்பதை டிரைவர் கண்டால் பிஸ்எக்ஸை கார்டில் ஓட்டுவதை நிறுத்திவிடும். கார்டு அதே கார்டுதான், காசு கொடுத்து வாங்கியதுதான். கேட்டவர்களுக்கு நிறுவனம் சொன்ன காரணங்கள்: உருவாக்கும் செலவு, தரச் சோதனை, வணிகக் காரணங்கள்.

தரச் சோதனை என்ற காரணத்தை நான் தள்ளிவிடவில்லை. போட்டியாளரின் ஒவ்வொரு கார்டோடும், அதன் ஒவ்வொரு டிரைவரோடும் சேர்த்துச் சோதிப்பது பெரிய வேலை. ஏதாவது கெட்டுப்போனால் வாடிக்கையாளர் முதலில் என்விடியாவைத்தான் திட்டுவார். சரி, அதற்கு என்ன செய்யலாம்? 'இந்தச் சேர்க்கையை நாங்கள் சோதிக்கவில்லை, பிரச்சினை வந்தால் பொறுப்பேற்க மாட்டோம்' என்று ஒரு எச்சரிக்கை காட்டிவிட்டு ஓட விடலாம். சோதிக்காததும் தடுப்பதும் ஒன்று இல்லை. சோதிக்காமல் விட எந்த வேலையும் செய்ய வேண்டாம். தடுக்க வேண்டுமென்றால் ஒருவர் உட்கார்ந்து அதற்கென்று நிரல் எழுத வேண்டும்.

அப்படி எழுதித்தான் இருந்தார்கள் என்பது தெரிய வெகுநாள் ஆகவில்லை. ஆர்வலர்கள் டிரைவரைத் திறந்து அந்தச் சோதனை இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்து, அதை நீக்கும் ஒரு சின்னத் திருத்தத்தை வெளியிட்டார்கள். இரண்டு கார்டும் மறுபடி சேர்ந்து ஓடின. 2010இல் வந்த ஒரு சோதனை டிரைவரில் அந்தத் தடுப்பே இல்லாமல் போயிருந்தது. எந்தத் திருத்தமும் இல்லாமல் எல்லாம் ஓடியது. மக்கள் சந்தோஷப்பட்டார்கள். அது தவறுதலாக நடந்தது, சரிசெய்து விடுவோம் என்றது நிறுவனம். ஓடுவதுதான் பிழை, ஓடாமல் இருப்பதுதான் சரி என்று ஆகிவிட்டது.

'கார்டால் முடியாது' என்பதற்கும் 'கார்டை விடவில்லை' என்பதற்கும் வித்தியாசத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் எனக்குத் தெரியாது. தடுப்பை எடுத்ததும் எந்த மாற்றமும் இல்லாமல் ஓடினால், அது பூட்டு. எடுத்தும் ஓடாவிட்டால், அது இயலாமை.

பூட்டு இல்லை, ஆனால் தரை சாய்வு

எல்லாமே இப்படி வெளிப்படையான பூட்டு என்று நினைத்துவிடக் கூடாது. 2015இல் வந்த தி விட்சர் 3 கேமில் முடியையும் விலங்குகளின் ரோமத்தையும் அசலாகக் காட்ட என்விடியாவின் ஹேர்வொர்க்ஸ் என்ற தொகுப்பைச் சேர்த்திருந்தார்கள். அது ஏஎம்டி கார்டிலும் ஓடியது, யாரும் தடுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு முடியையும் மிகப் பல துண்டுகளாகப் பிரித்து வரையும்படி அமைந்திருந்தது. அந்த ஒரு வேலையில் அன்றைய ஏஎம்டி கார்டுகள் பலவீனம். வேகம் சரிந்தது. ஏஎம்டி டிரைவரில் அந்தத் துண்டுகளின் எண்ணிக்கைக்கு ஒரு உச்சவரம்பு வைக்கும் வசதி இருந்தது. 64 என்பதை 16க்கு இறக்கியதும் கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை, வேகம் மட்டும் திரும்பி வந்தது. பாவம், என்விடியாவின் சொந்தப் பழைய கார்டு வைத்திருந்தவர்களும் இதில் அடிபட்டார்கள்.

வேண்டுமென்றே செய்ததா என்று வெளியிலிருந்து யாரும் நிரூபிக்க முடியாது. தன் பலத்துக்கு ஏற்றபடி எழுதுவது எல்லோரும் செய்வதுதான். எனவே இதைப் பூட்டு என்று சொல்ல மாட்டேன். ஆனால் 'ஏஎம்டி கார்டில் முடி சரியாக வராது' என்று பேசுவதற்கு முன்னால், தரையைச் சாய்வாக அமைத்தவர் யார் என்று ஒரு முறை பார்க்கலாம்.

'கூடா' என்கிற தனி மெனு

இனி அக்கா மகன் கேட்ட கேள்விக்கு வருவோம். ஏஐ என்றாலே எல்லோரும் சொல்வது என்விடியாவின் 'கூடா' பற்றி. (நம் 'கூடாது' என்ற சொல்லோடு குழம்பாமல் இருக்க மேற்கோள் குறி போட்டே எழுதுகிறேன்.) 2007இல் வெளிவந்தது. கிராபிக்ஸ் கார்டைப் படம் வரைய மட்டும் இல்லாமல் எந்தக் கணக்குக்கும் பயன்படுத்த உதவும் ஏபிஐ, அதோடு கூடிய கருவிகள், முன்பே எழுதி வைத்த நூலகங்கள், எல்லாம் சேர்ந்த தொகுப்பு. நூலகம் என்றால் இங்கே புத்தகம் இல்லை. மற்றவர்கள் எடுத்துப் பயன்படுத்த எழுதி வைத்த நிரல் தொகுப்பு.

நம் ஓட்டல் கணக்கில் சொன்னால், 'கூடா' என்பது ஒரே ஒரு ஓட்டலில் மட்டும் செல்லும் மெனு. அந்த ஓட்டல் இந்த மெனுவை இலவசமாக அச்சடித்துக் கல்லூரிகளுக்கெல்லாம் கொடுத்தது. பாடம் நடத்தியது. புதுப் புது அயிட்டங்களைச் சேர்த்துக்கொண்டே போனது. ஒரு தலைமுறை ஆராய்ச்சியாளர்கள் அந்த மெனுவின் பெயர்களிலேயே யோசிக்கப் பழகிவிட்டார்கள். பொதுவான மெனுவும் இல்லாமல் இல்லை. ஓபன்சிஎல் என்று ஒன்று ஆப்பிள் முன்னெடுத்து 2008 கடைசியில் வெளிவந்தது. ஆனால் அதற்கு அந்த அளவு உழைப்பு யாரும் போடவில்லை. ஏஎம்டி தனக்கென ராக்எம் என்ற தொகுப்பை 2016இல்தான் கொண்டுவந்தது. இந்த இடத்தில் என்விடியாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. யாரும் நம்பாத காலத்தில் காசைப் போட்டு வளர்த்தது அவர்கள்தான்.

அப்படியானால் ஏஎம்டி கார்டில் 'கூடா' நிரல்களை ஓட்டவே முடியாதா? இரண்டு வழி உண்டு. அந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பலர் கவனிப்பதில்லை.

முதல் வழி, எழுதியவரே தன் நிரலை மாற்றிக்கொள்வது. ஏஎம்டியின் ஹிப் என்ற ஏபிஐ 'கூடா'வின் பெயர்களுக்கு ஈடான பெயர்களை வைத்திருக்கிறது. பெயர்களை மாற்றி எழுதித் தரும் கருவியும் உண்டு. மூல நிரல், அதாவது நிரலாளர் கைப்பட எழுதிய வடிவம், கையில் இருந்தால் பெரும்பகுதி வேலை நடந்துவிடும். ஏஐ உலகில் அதிகம் பயன்படும் பைடார்ச் என்ற நூலகம் இப்படித்தான் ஏஎம்டி கார்டில் ஓடுகிறது. அதில் ஒரு வேடிக்கையான விஷயம்: ஏஎம்டி கார்டு வைத்துக்கொண்டு ராக்எம் பதிப்பில் வேலை செய்தாலும் நிரலில் 'டார்ச்.கூடா' என்றேதான் எழுதுகிறோம். கார்டு இருக்கிறதா என்று அந்தப் பெயரில் கேட்டால் ஏஎம்டி கார்டு 'இருக்கிறேன்' என்கிறது.

இரண்டாவது வழி, மூல நிரல் கையில் இல்லாதபோது. ஒருவர் ஏற்கெனவே தயாரித்துக் கொடுத்த மென்பொருள் 'கூடா'வைக் கேட்கிறது. நடுவில் ஒரு துபாஷியை உட்கார வைக்கிறோம். மென்பொருள் கேட்பதை வாங்கி ஏஎம்டிக்குப் புரியும்படி அந்த நிமிடமே மாற்றிச் சொல்வது அவர் வேலை. இப்படிப்பட்ட இடைமாற்றிகளில் பேர்பெற்றது ஸ்லூடா. ஆண்ட்ஜெய் யானிக் என்ற நிரலாளர் 2020இல் இன்டெல் கார்டுகளுக்காக அதைத் தொடங்கினார். 2022இலிருந்து இரண்டு ஆண்டு ஏஎம்டி பணம் கொடுத்தது. ஏஎம்டி விலகிக்கொண்டதும் 2024 பிப்ரவரியில் எல்லோருக்கும் திறந்துவிட்டார். 'கூடா'வுக்கென்று எழுதிய மென்பொருள்கள் பல, ஒரு வரி கூட மாற்றாமல் ஏஎம்டி கார்டில் ஓடின.

இங்கேதான் நாலாவது வகைத் தடை வருகிறது. ஒரு மென்பொருளை இன்ஸ்டால் செய்யும்போது நீளமாக ஒரு ஒப்பந்தம் வருமே, படிக்காமலே 'ஒப்புக்கொள்கிறேன்' என்று அழுத்துவோமே, அதுதான் உரிம ஒப்பந்தம். 'கூடா'வின் உரிம ஒப்பந்தத்தில் ஒரு விதி இருக்கிறது. அந்தக் கருவிகளால் உருவான வெளியீட்டை, என்விடியா அல்லாத கார்டுக்கு மாற்றும் நோக்கத்தில் பிரித்து ஆராயக் கூடாது என்பது அதன் சாரம். இணையத்தில் இருந்த ஒப்பந்தத்தில் 2021இலிருந்தே இருந்தது. 2024 மார்ச்சில்தான் பரவலாகப் பேச்சு கிளம்பியது. கவனியுங்கள், இது முதல் வழியைத் தடுப்பதாக இல்லை. உங்கள் மூல நிரல் உங்களுடையது, அதை எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோகலாம். துபாஷி வழியைத்தான் இந்த விதி குறிவைக்கிறது.

ஸ்லூடாவுக்கு அடி விழுந்தது என்விடியாவிடமிருந்து இல்லை என்பது பலருக்குத் தெரியாது. 2024 ஆகஸ்டில் ஏஎம்டியின் சட்டத்துறை, முன்பு மின்னஞ்சலில் தந்த அனுமதி சட்டப்படி செல்லாது என்று சொல்லிவிட்டது. யானிக் அந்த நிரலை இணையத்திலிருந்து எடுத்துவிட்டு, ஏஎம்டி பணம் வருவதற்கு முந்தைய நிரலிலிருந்து மறுபடி கட்ட ஆரம்பித்தார்.

சுருக்கமாக: 'கூடா'வுக்கு வெளியே போக வழி இருக்கிறது. எழுதியவரே மாற்றினால் சிக்கல் குறைவு. நடுவில் துபாஷி வைத்தால் தொழில்நுட்பத்தோடு சட்டமும் சேர்ந்துகொள்கிறது.

சட்டம் எந்தப் பக்கம்

ஒரு நிறுவனம் ஒப்பந்தத்தில் எழுதிவிட்டால் எல்லாம் முடிந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. ஒரு பொருள் இன்னொன்றோடு சேர்ந்து இயங்குவதற்காக அதைப் பிரித்துப் பார்ப்பதைப் பல நாட்டுச் சட்டங்கள் காப்பாற்றுகின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2009ஆம் ஆண்டு மென்பொருள் உத்தரவு, சில நிபந்தனைகளோடு அதை அனுமதிக்கிறது; அந்த உரிமையைப் பறிக்கும் ஒப்பந்த விதி செல்லாது என்றும் சொல்கிறது. இந்தியாவின் 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆவது பிரிவிலும், சேர்ந்தியங்கத் தேவையான தகவலைப் பெறச் செய்யும் செயல் மீறலாகாது என்று ஒரு உட்பிரிவு இருக்கிறது, அந்தத் தகவல் வேறு வழியில் எளிதாகக் கிடைக்காதபோது. அமெரிக்காவில் கூகுளுக்கும் ஆரக்கிளுக்கும் நடந்த வழக்கில், ஜாவா ஏபிஐயின் பெயர் வரிகளை ஆண்ட்ராய்டுக்காக கூகுள் எடுத்தது நியாயமான பயன்பாடு என்று 2021இல் உச்ச நீதிமன்றம் 6க்கு 2 என்று தீர்ப்பளித்தது. ஆக, மெனுவில் உள்ள பெயர்களை இன்னொரு ஓட்டல் பயன்படுத்தினாலே குற்றம் என்று ஆகிவிடாது. ஆனாலும் ஒரு தனி ஆள் பெரிய நிறுவனத்தின் வக்கீல்களுக்கு எதிரே நின்று இதை நிரூபிப்பது லேசு இல்லை. ஒப்பந்த விதியின் பலம் பாதி அந்தப் பயத்தில்தான் இருக்கிறது.

ஒரு நிறுவனத்தின் குணம் மட்டும் அல்ல

என்விடியா பெயர் அதிகம் வருவதற்குக் காரணம், சந்தையில் அவர்கள் பெரியவர்கள் என்பது. யார் பெரியவரோ அவருக்குத்தான் பூட்டுப் போடுவதால் லாபம். பிராசசர் சந்தையில் இன்டெல் பெரியதாக இருந்தபோது, இன்டெல்லின் கம்பைலர் தயாரித்த நிரல்கள் பிராசசரின் பெயரைக் கேட்டு, 'ஜென்யூன்இன்டெல்' என்று பதில் வராவிட்டால் மெதுவான பாதையில் போயின. கம்பைலர் என்பது மனிதர் எழுதிய நிரலை எந்திரத்துக்கு ஏற்றபடி மாற்றும் மென்பொருள். இது அமெரிக்க அரசின் வணிக ஆணையம் வரை போய், 2010இல் சமரசமானது. ஏஎம்டியும் 2025இல் தன் எஃப்எஸ்ஆர் 4 என்ற பட மேம்படுத்தல் வசதியைத் தன் புதிய தலைமுறை கார்டுகளுக்கு மட்டும் என்றுதான் வெளியிட்டது.

திறந்துவிட்ட கதையும் உண்டு. மானிட்டரும் கார்டும் ஒரே தாளத்தில் ஓடி, படம் கிழிபடாமல் காட்டும் ஜி-சிங்க் என்ற வசதியை 2013இல் என்விடியா கொண்டுவந்தது. அதற்கு மானிட்டருக்குள் அவர்களுடைய தனிச் சில்லு வேண்டும், விலையும் ஏறும். அடுத்த ஆண்டே அதே வேலைக்குப் பொதுத் தரம் ஒன்று வந்தது, ஏஎம்டி அதைப் பயன்படுத்தியது. என்விடியா கார்டுகள் 2019 ஜனவரி வரை அந்த மானிட்டர்களோடு பேச மறுத்தன. பிறகு ஒரு டிரைவர் அப்டேட். 2016இல் வாங்கிய கார்டு கூட மறுநாள் பேச ஆரம்பித்தது. ஆக அந்தத் திறமை கார்டில் அத்தனை நாளும் உள்ளேயே இருந்தது.

அதே 2019 ஏப்ரலில் இன்னொன்றும் நடந்தது. ஒளிக்கதிரைப் பின்தொடர்ந்து நிழலும் பிரதிபலிப்பும் வரையும் ரே டிரேசிங், அதற்கென்று தனிப் பகுதி இல்லாத பழைய ஜிடிஎக்ஸ் கார்டுகள் சிலவற்றிலும் டிரைவர் மூலம் திறந்துவிடப்பட்டது. ஓடியது, ஆனால் படம் நத்தை மாதிரி நகர்ந்தது. இங்கே 'தனிப் பகுதி வேண்டும்' என்று நிறுவனம் சொன்னது உண்மை. 'முடியாது' என்பதற்கும் 'மெதுவாகத்தான் முடியும்' என்பதற்கும் நடுவே உள்ள தூரத்தை எல்லோரும் தங்கள் கண்ணாலேயே பார்த்துக்கொண்டார்கள்.

கடையில் நிற்கும்போது

அக்கா மகனிடம் கடைசியில் இப்படிச் சொன்னேன். "நீ என்ன மென்பொருள் ஓட்டப்போறன்னு முதல்ல எழுதிக்கோ. பைடார்ச் மட்டும்தான்னா, ஏஎம்டியோட ராக்எம் பட்டியல்ல இந்த கார்டு பேர் இருக்கான்னு பாரு. இருந்தா தைரியமா வாங்கு."

பட்டியலில் இல்லாவிட்டால்? அது இரண்டாவது வகை 'ஓடாது', அதாவது யாரும் சோதித்து உறுதி தரவில்லை. ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6700 எக்ஸ்டி வெகுநாள் அந்தப் பட்டியலில் இல்லாமல் இருந்தது. ஆனால் லினக்ஸில் ஒரே ஒரு செட்டிங்கில் 10.3.0 என்ற எண்ணை எழுதி, கார்டைத் தன் அண்ணன் கார்டின் பேரைச் சொல்ல வைத்துப் பலர் வேலை வாங்கினார்கள். நேரமும் பொறுமையும் உள்ளவருக்கு அது சரி. நாளைக்கு பிராஜெக்ட் கொடுக்க வேண்டியவருக்கு அது சரி வராது. அவன் கல்லூரியில் பயன்படுத்தும் ஒரு மென்பொருள் மூல நிரல் இல்லாமல் வருகிறது, 'கூடா' மட்டும்தான் கேட்கிறது என்று பிறகு தெரிந்தது. அதனால் அவன் என்விடியா கார்டுதான் வாங்கினான். காரணம் தெரிந்து வாங்கினான்.

பிஸ்எக்ஸ் கதைக்கு ஒரு பின்குறிப்பு. 2025இல் வந்த என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 50 வரிசை கார்டுகளில் பழைய 32 பிட் 'கூடா'வுக்கு ஆதரவை நிறுத்தினார்கள். பழைய கேம்கள் பலவற்றின் பிஸ்எக்ஸ் அதை நம்பித்தான் இருந்தது. கணக்கு கார்டிலிருந்து பிராசசர் தலைக்குப் போய், புகையும் சில்லும் சிதறும் இடத்தில் விலை உயர்ந்த புது கார்டு தடுமாறியது. அப்போது சிலர் செய்தது 2009ஐ அப்படியே நினைவுபடுத்தியது: பழைய சின்ன என்விடியா கார்டு ஒன்றைத் தேடி வாங்கி, பக்கத்து ஸ்லாட்டில் பிஸ்எக்ஸுக்கு மட்டும் செருகினார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் ஒரு டிரைவர் வந்தது. குறிப்பிட்ட சில கேம்களுக்கு மட்டும் அந்த ஆதரவு திரும்பியது.